பரீட்சைக்கு மட்டும் புது மிஷின்

யாகப்பன் மகள் ஜோசப்பினுக்குக் கை வேகம் போதாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செஞ்சி கடைத்தெருவில் வீராசாமி நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அவளுக்கு ஈடாக அடிக்க ஆளில்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். அறுபத்து நாலில் தாலுக்கா ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை ஒன்று காலியானது. டைப்ரைட்டிங்கில் லோயர் பரீட்சை பாஸ் செய்தால் அது கிடைத்துவிடும், நைனா ஊரார் நிலத்தில் கடலை பிடுங்கப் போக வேண்டாம் என்று அவள் ராப்பகலாகக் கனவு கண்டாள்.

வீராசாமியிடம் இரண்டு வகுப்புகள் உண்டு. ஸ்பெஷல் வகுப்புக்குக் கூடுதல் பணம் கட்டியவர்களுக்கு முன்வரிசைப் புது மிஷின்கள். சாதா வகுப்புக்காரர்களுக்குக் கடைசியில் கிடக்கும் ஓட்டை மிஷின். ஜோசப்பின் சாதா. அவள் மிஷினில் இங்கிலீஷ் 'ஏ' எழுத்து லேசில் விழாது, இடது சுண்டுவிரலால் ஆணி அறைகிற மாதிரி அறைய வேண்டும். ஸ்பேஸ் கட்டையும் ஒரு குத்து விட்டால்தான் நகரும். விரல் வீங்கினாலும் அவள் விடவில்லை. ஒரு வருஷத்தில் அந்தச் சண்டி மிஷினையே ஓட ஓட விரட்டினாள்.

பரீட்சை திண்டிவனத்தில். மிஷின்களை இன்ஸ்டிட்யூட்காரர்களே வண்டியில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும், அதுதான் வழக்கம். ஓட்டை மிஷினைக் கொண்டுபோனால் வீராசாமியின் மானம் என்னாவது? புது மிஷின்களை மட்டும் ஏற்றினார்.

"உனக்கும் புதுசுதாம்மா. நான் ஆள் பாத்து ஓரவஞ்சனை பண்றவன் இல்ல" என்றார்.

ஜோசப்பினுக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்குக் கும்பிடு போட்டாள். மாதாவுக்கு மெழுகுவத்தியும் ஏற்றினாள். பாவம், அதைவிடப் பெரிய தப்பு வேறில்லை. புது மிஷினையா, அந்த ஓட்டையையே ஏற்றுங்கள் என்றல்லவா அவர் காலைப் பிடித்திருக்க வேண்டும்!

மணி அடித்தது. அவள் சுண்டுவிரல் பழகியபடி ஓங்கி அறைந்தது. தொட்டாலே துள்ளுகிற மிஷின் அது. 'ஏ' விழுந்த இடமெல்லாம் இரண்டிரண்டாக விழுந்தது. ஸ்பேஸ் தாவியது. மெல்ல அடிக்கப் பார்த்தால் வேகம் போயிற்று, வேகமாக அடித்தால் எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. நேரம் முடிந்தபோது பாதித் தாள்கூட நிரம்பவில்லை.

ஸ்பெஷல்காரர்கள் அத்தனை பேரும் பாஸ். ஜோசப்பின் பெயில். தாலுக்கா ஆபீஸ் நாற்காலியில், ஸ்பெஷல் வகுப்பில் அவளைவிட மந்தமாக அடிக்கும் அரங்கநாதன் போய் உட்கார்ந்தான்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதானேம்மா மிஷின் குடுத்தேன்?" என்றார் வீராசாமி.

"பரீட்சை அன்னிக்கு மட்டும்தானே சார் குடுத்தீங்க!"

"அடுத்த தபா ஸ்பெஷல்ல சேந்துடு" என்று சொல்லிவிட்டு அவர் முன்வரிசைப் பக்கம் போய்விட்டார்.

வீட்டில் யாகப்பன் மண்வெட்டியைக் கூட இறக்கி வைக்காமல் கேட்டார்.

"அதே பரீட்சையத்தானே எல்லாரும் எழுதுனாங்க? உனக்கு மட்டும் இன்னா கேடு?"

"புது மிஷின் கைக்குப் பழகல நைனா."

"ஒரு வருஷமா போனியே, இன்னாத்தப் பழகுன?"

அவளுக்கு ஆத்திரத்தில் அழுகை முட்டியது.

"ஒண்ணுத்துக்கும் ஆவாத மிஷின்ல வேகமா அடிக்கப் பழகுனேன் நைனா. அதுக்குத்தான் யாரும் பரீட்சை வெக்கல."