மணல் வாளி

நான் பயந்தாங்கொள்ளி. பல்லி மேலே விழுந்தால் பயம், குக்கர் நேரத்துக்கு விசில் அடிக்காவிட்டால் பயம். தாம்பரம் ஸ்டேஷனில் நகர்ந்துவிட்ட ரயிலில் யாரோ ஓடி வந்து தொற்றினால், நான் கண்ணை மூடிக்கொள்வேன். இப்படிப்பட்ட ஒருத்தியின் வீட்டுக்குள் கைத்துப்பாக்கி வந்து குடியேறினால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என் கணவருக்குப் படப்பையைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க். வசூல் பணத்தோடு காரில் திரும்பிக்கொண்டிருந்தவரை ஒருநாள் இரண்டு பேர் பைக்கில் வந்து மறித்து, கழுத்தில் கத்தியை வைத்துப் பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பணம் போனதைவிடக் கழுத்தில் விழுந்த கீறல்தான் அவரை வாட்டியது. ஆறிய பிறகும் கண்ணாடி முன்னால் நின்று தடவிப் பார்த்துக்கொள்வார். துப்பாக்கி லைசென்சுக்கு எழுதிப் போட்டார். கிடைக்கக் கூடாது என்று நான் சர்ச்சில் முழங்காலில் நின்றேன். அவர் கோயிலுக்குப் போய்க் கிடைக்க வேண்டும் என்று கும்பிட்டார். எங்களுடையது காதல் கல்யாணம், ஆளுக்கொரு சாமி. இந்தத் தடவை அவர் சாமிதான் ஜெயித்தது.

புதிதாகவே வாங்கியிருக்கலாம். அவருக்கோ பழைய பொருள்மேல் ஆசை. லைசென்ஸ் உள்ள கடையில், குரோம்பேட்டை டாக்டர் ஒருவர் வயதாகிவிட்டதென்று விற்கக் கொடுத்திருந்த வெளிநாட்டு பிஸ்டல் ஒன்று இருந்தது. கருநீல உலோகம், மரப் பிடி, உள்ளங்கையில் அடங்கிவிடும். கையில் எடுத்ததும் அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் எங்கள் மகள் பிறந்த அன்றுதான் பார்த்திருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைக்காரர் பாடம் நடத்தினார். "சார், ரிவால்வர்னா குண்டு கீதா இல்லையான்னு பாத்தவுடனே தெரியும். இது அப்படி இல்ல. குண்டு அடுக்கியிருக்கிற இந்த மேகசினை உருவிட்டா காலின்னு நினைச்சிக்கினு நெறைய பேர் மாட்டிக்கிறாங்க. மேகசின்ல இருக்கிறது வேற, குழாய்க்குள்ள ஏறிக்கினு நிக்கிறது வேற. மொதல்ல மேகசினை எடுங்க. அப்பால மேல இருக்கிற ஸ்லைடை இழுங்க. உள்ள ஒண்ணு இருந்தா இந்த சின்ன கொக்கி அதைப் புடிச்சி வெளிய தள்ளும். அதோட வுட்றாதீங்க. இழுத்துப் புடிச்சிக்கினு உள்ள கண்ணால பாருங்க, சுண்டு விரலை வுட்டுத் தடவுங்க. அப்பதான் காலி. காலின்னு தெரிஞ்சாலும் ஆளு இருக்கிற பக்கம் நீட்டாதீங்க."

என் கணவர் தலையாட்டினார். நான் மனப்பாடம் செய்துகொண்டேன். நான் பள்ளிக்கூட டீச்சர். அதிலும் பயந்தவளுக்குப் பாடம் சீக்கிரம் ஏறும்.

சேலையூரில் எங்கள் பிளாட் சின்னது. மகள் பிளஸ் ஒன் போனபோது ஹாலைப் பிளைவுட் அடித்துத் தடுத்து, அவளுக்குப் படிக்க ஓர் அறை மாதிரி ஒதுக்கியிருந்தோம். அந்தத் தடுப்புக்கு முதுகைக் காட்டித்தான் அவள் நாற்காலி. என் கணவர் தினமும் வந்ததும் ஹால் நடுவில் நிற்பார். மேகசினை உருவுவார், ஸ்லைடை இழுத்து விடுவார், பிளைவுட்டைப் பார்த்து விசையை ஒருமுறை அழுத்துவார். டிக் என்று ஒரு சத்தம் வரும். எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

"அந்தப் பக்கம் பொண்ணு உக்காந்திருக்கா," என்றேன்.

"காலித் துப்பாக்கி. அதான் மேகசினை எடுத்துட்டேனே."

"உள்ள பாக்கலையே. கடைக்காரர் என்ன சொன்னார்?"

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நான் குண்டை உள்ள ஏத்தியே வைக்கிறதில்ல. அப்புறம் எங்கருந்து வரும்?"

நான் அழுதேன். பேசாமல் இருந்தேன். சாப்பாட்டில் உப்பைக் குறைத்துக்கூடப் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் பங்க்கில் வரிசையாகத் தொங்கும் தீயணைப்பு வாளிகளில் ஒன்றை மணலோடு வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன். துப்பாக்கியின் வாய் இனிமேல் அந்த மணலைத்தான் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நான் பெண்ணை அழைத்துக்கொண்டு என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்தார். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சிவப்பு வாளி வந்து உட்கார்ந்தது. "டீச்சரம்மா வாளிக்கு வணக்கம்," என்று தினமும் கும்பிடு போட்டுவிட்டுத்தான் அதன் முன்னால் குனிவார். கிண்டல் செய்தால் செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். சில நாள் மறந்துபோய்ப் பழைய இடத்திலேயே நிற்பார். நான் அடுப்பை விட்டு ஓடிவந்து "வாளி" என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை துடைக்கும் படலம். பேப்பரை விரித்து, பழைய பனியன் துணி, தையல் மெஷின் எண்ணெய், குழாய்க்குள் விடுகிற நீளமான பிரஷ் எல்லாம் எடுத்து வைப்பார். மகளை சண்டே கிளாசுக்கு அனுப்பிவிட்டு நான் பிரிட்ஜுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். பிரிட்ஜ் குண்டைத் தடுக்குமா என்று யோசித்ததுண்டு. அவர் வெளிப்பக்கத்தை மாப்பிள்ளைக்குச் செய்கிற மாதிரி பளபளவென்று துடைப்பார். அந்தச் சின்னக் கொக்கியை ஒருநாளும் கவனித்ததில்லை.

ஆயுத பூஜை வந்தது. பங்க்கில் பம்புகளுக்கு, காற்றடிக்கும் மெஷினுக்கு, கல்லாப் பெட்டிக்கு, காருக்கு எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தார். பிஸ்டலும் ஆயுதம்தானே. அதற்கும் இரண்டு பக்கமும் தாராளமாகக் குழைத்த சந்தனத்தை அப்பி, மேலே குங்குமப் பொட்டு வைத்துப் படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். அவர் பூஜையில் நானோ, என் ஜெபத்தில் அவரோ தலையிடுவதில்லை என்று கல்யாணத்தின்போதே பேசிக்கொண்டது. மறுநாள் ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்து எண்ணெய் போட்டார். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது.

பாங்க் லீவு தொடர்ந்து வந்ததால் பணம் பங்க்கிலேயே சேர்ந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு வரும்போது மண்ணிவாக்கத்திலிருந்து ஒரு பைக் விடாமல் பின்னால் வந்திருக்கிறது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். அவர் காரை ஓரம்கட்டி, அதுவரை செய்யாத வேலையாக ஸ்லைடை இழுத்துக் குண்டைக் குழாய்க்குள் ஏற்றிக்கொண்டார். பைக் முடிச்சூரில் ஏதோ ஒரு தெருவில் திரும்பிவிட்டது. பாவம், யாரோ வீட்டுக்குப் போகிறவன்.

சட்டையெல்லாம் வியர்வையோடு உள்ளே வந்தார். இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே மேகசினை உருவினார். ஸ்லைடை இழுத்தார். ஒன்றும் விழவில்லை. மறுபடி இழுத்தார். அப்போதும் விழவில்லை.

"அட, பதட்டத்துல சரியா ஏத்தவே இல்ல போலிருக்கு," என்று சிரித்தார். "நல்லவேளை அவன் திருடன் இல்ல."

"உள்ள பாத்தீங்களா?"

"இருந்தா வெளிய வந்து விழுந்திருக்கும்ல?"

அவர் நின்றது பழைய இடத்தில். துப்பாக்கி பிளைவுட்டைப் பார்த்திருந்தது. விரல் விசைமேல் போய்விட்டது. "வாளி," என்றேன். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. "ஏங்க, வாளி."

அலுத்துக்கொண்டே திரும்பினார். குனிந்து மணலுக்கு நேராகப் பிடித்து, என் முகத்தைப் பார்த்து, "இப்ப திருப்தியா?" என்று அழுத்தினார்.

காதுக்குள் ஏதோ உடைந்த மாதிரி இருந்தது. என் முகமெல்லாம் மணல், வாய்க்குள்ளும் மணல். தீபாவளி நாற்றம். குண்டு வாளிக்குள் போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். இருந்தும் பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போய்ப் பார்க்கப் பயம். ஜெபம் வரவில்லை, ஒரு வார்த்தைகூட வரவில்லை. அவரும் கூப்பிடப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது.

நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. மகள் காதிலிருந்து இயர்போனை உருவிக்கொண்டே வெளியே வந்தாள்.

"என்னம்மா, சிலிண்டரா?"

அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் தலைமுடியெல்லாம் என் முகத்து மணல் ஒட்டிக்கொண்டது.

அவர் அப்போதே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். திட்டினார்கள், எழுதி வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் துப்பாக்கியைக் கடைக்காரரிடம் கொடுத்தபோது அவர் அதைப் பிரித்து, ஊசியால் அந்தக் கொக்கிக்கு அடியில் நோண்டினார். மஞ்சளாக, கெட்டியாக, பொடிப்பொடியாக வந்தது. "சந்தனம் சார்," என்றார். "காஞ்சி அடைச்சிக்கினு கீது. கொக்கி புடிக்காம வழுக்கிடுச்சி. நீங்க எத்தினி வாட்டி இழுத்தாலும் குண்டு உள்ளயேதான் நின்னிருக்கும்." என் கணவர் அதை அங்கேயே விற்கக் கொடுத்துவிட்டு, லைசென்சைத் திருப்பிக் கொடுக்க எழுதிப் போட்டார். இப்போது பங்க்குக்கே வண்டி வந்து பணத்தை எடுத்துப் போகிறது.

கடையிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் நான் சமையலறையில் இருந்தேன். ஹாலில் அவர் பழைய இடத்தில் போய் நின்றார். கை வெறுங்கை. தினமும் பிடிக்கிற மாதிரி இடுப்புக்கு மேலே நீட்டிப் பார்த்தார். நேர் எதிரே பிளைவுட்டில் விரலை வைத்து, பென்சிலால் ஒரு புள்ளி போட்டார். தரையிலிருந்து அந்தப் புள்ளிவரை கையால் அளந்துகொண்டு தடுப்பைச் சுற்றி உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன். மகள் படித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுக்குப் பின்னால் நின்று, அதே உயரத்தை நாற்காலிக்குப் பக்கத்தில் அளந்தார்.

அவர் கை போய் நின்ற இடம் அவளுடைய முதுகு. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில்.

"என்னப்பா?" என்றாள் திரும்பாமல். "என்ன அளக்குறீங்க?"

அவர் கையை எடுக்கவில்லை.