கணக்கு சரியாக வந்த கட்டு

தாளின் மூலையில் மெதுவாக ஊதுகிறார் அந்த அம்மா. பிறகு இரண்டு விரலால் தேய்த்துப் பார்க்கிறார், ஒன்றுதானா, இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று. விரலில் எச்சில் தொட மாட்டார்; தொடுகிறவர்களைக் கண்டால் முகம் சுருங்கிவிடும். ஒற்றைத் தாள்தான் என்று மனசு ஒப்பிய பிறகே கேமராவுக்குக் கீழே விரித்து, தாளின் மேல் கண்ணாடிப் பலகையை இறக்கி, காலால் பெடலை அழுத்துகிறார். 'டக்'. "அறுபத்தி மூணு" என்று வாய்விட்டுச் சொல்கிறார். அடுத்த தாளுக்கு மறுபடியும் ஊதல்.

நூலகத்தின் பின்பக்கம், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்ட அறையில் நாலு வருஷமாக இதுதான் வேலை. கட்டுக் கட்டாகத் தைத்து வைத்த பழைய செய்தித்தாள்களை இரண்டிரண்டு பக்கமாகப் படமெடுத்துக் கணினியில் ஏற்ற வேண்டும். இப்போதெல்லாம் ஒரு கட்டுக்கு வர வேண்டிய படம் எத்தனை, வந்தது எத்தனை என்று பார்த்து, இரண்டும் ஒத்துப்போனால் சீட்டில் அவர் கையெழுத்து. கையெழுத்து விழுந்த கட்டு லாரி ஏறிக் காகித ஆலைக்குப் போய்க் கூழாகிவிடும். வைக்க இடமில்லை என்கிறது நிர்வாகம். அப்புறம் கணினியில் இருப்பதுதான் செய்தித்தாள். அதில் இல்லாதது உலகத்திலேயே இல்லை.

வாரத்தில் மூன்று நாள் அந்த அறைக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து பழைய செய்தி தேடுகிறவன் நான். ஊழியர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'இன்னொருதடவை அக்கா'. எதைக் கேட்டாலும், "இன்னொரு தடவ பாத்துடலாமே, என்ன குறைஞ்சிடப் போகுது?" என்பார். கேட்ட ஒரு பக்கத்தைத் தர அரை நாளாக்குவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டிலும் இதே கூத்துதான். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, திரும்பப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாராம். "அந்தப் பூட்டையும் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோம்மா, வழியில பாத்துக்கலாம்" என்று மகள் கிண்டல் செய்தாளாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மறுநாளிலிருந்து நிஜமாகவே எடுக்கிறார்.

முதலில் இப்படி இல்லையாம். போன வருஷம் ஒரு பெண் வந்தாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா படகு விபத்தில் போய்விட்டார். இறந்தவர்களின் பட்டியல் மறுநாள் செய்தித்தாளில் ஆறாம் பக்கத்தில் வந்திருந்தது. கணினியில் ஐந்தாம் பக்கம் இருந்தது. அடுத்த படத்தில் எட்டாம் பக்கம். கட்டு ஆலைக்குப் போய் மூன்று மாதமாகியிருந்தது. எண்ணிப் பார்க்கும் வழக்கமே அதற்குப் பிறகுதான் வந்தது.

"அந்தப் பொண்ணு சண்டையாவது போட்டிருக்கலாம் சார். 'பேர மட்டும் பாத்துட்டுப் போலாம்னு வந்தேங்க'ன்னு சொல்லிட்டு, பைய எடுத்துட்டுப் போயிடுச்சு" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

அதிகாரி எழுத்துமூலம் எச்சரித்தார்: இன்னொரு தப்பு நடந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. மகளின் கல்லூரிப் படிப்பு இந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

போன வெள்ளிக்கிழமை மூன்று மணி. அந்த வாரம் முடித்த ஒன்பது கட்டும் லாரியில் ஏறிவிட்டன. டீயோடு வந்து என் எதிரே உட்கார்ந்த அக்கா குடிக்கவில்லை. டீயில் ஆடை படிந்தது.

"சார், காலையில கடைசிக் கட்டு எடுக்கறப்போ விளக்கு ஒரு தடவ அணைஞ்சு எரிஞ்சுது. அதனால ஒரு படத்த ரெண்டாவது தடவ எடுத்தேன்."

"சரி, அதுக்கென்ன?"

"முதல்ல எடுத்தத அழிக்கவே இல்ல. அப்போ கணக்குல ஒண்ணு கூட வரணும் இல்ல?"

"வரலியா?"

"சரியா இருந்துச்சு சார். முந்நூத்திப் பன்னெண்டுக்கு முந்நூத்திப் பன்னெண்டு."

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. கூட வர வேண்டிய ஒன்று வரவில்லையென்றால், எங்கோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அத்தனை ஊதியும், தேய்த்தும், இரண்டு தாள் ஒன்றாகப் புரண்டிருக்கிறது.

"கணினியில பாத்தா எந்தப் பக்கம்னு தெரிஞ்சிடுமே?"

"தெரியும் சார். பாத்து முடிக்கறதுக்குள்ள லாரி போயிடும்."

எழுந்து வாசலுக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன், பொய் சொல்வானேன். லாரி உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அதிகாரி நின்றிருந்தார். கையெழுத்துச் சீட்டு ஓட்டுநரிடம் இருந்தது. அதைக் காட்டினால்தான் காவலாளி கேட்டைத் திறப்பார்.

"சார், ஒரு கட்ட மட்டும் இறக்கணும்."

"கையெழுத்து போட்டாச்சுல்ல? கணக்கு ஒத்துப்போச்சுல்ல?"

"ஒத்துப்போச்சு சார். அதான் பயமா இருக்கு."

"ஒத்துப்போனா பயமா? உங்களோட மாரடிக்க முடியலம்மா." பிறகு குரலை இறக்கினார். "இறக்கிப் பாத்து தப்புன்னு ஆச்சுன்னா நான் மேல எழுதித்தான் ஆகணும். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல. யோசிச்சுக்குங்க."

அக்கா லாரியில் அடுக்கியிருந்த கட்டுகளைப் பார்த்தார். 'விட்டுத் தொலைங்கம்மா, யாருக்குத் தெரியப் போகுது' என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்லவேளை, சொல்லவில்லை.

ஓட்டுநர் ஹாரன் அடித்தார். "சீக்கிரம் சொல்லுங்க, நாலு மணிக்கு மேல ஆலையில உள்ள விடமாட்டாங்க."

அக்கா லாரி ஜன்னலருகே போய்க் கையை நீட்டிச் சீட்டை வாங்கினார். லாரிக் கதவின்மேல் வைத்து முழங்கையால் அழுத்திக்கொண்டார். பேனாவை எடுத்து, தன் கையெழுத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தார்.