மகனின் அடிவயிற்றுத் தழும்பு

எனக்கு எழுபத்தெட்டு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினனான். ஒருவருக்கும் தலை குனிந்ததில்லை. நான் சொல்ல, மகளின் மகள் எழுதுகிறாள்.

கடைசி மகனுக்குக் கலியாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. நான் மருமகளைத்தான் குறை சொன்னேன். இங்கே லண்டனில் லூயிஷாம் கோயிலில் அவள் ஒரு குழந்தையைத் தூக்கப் போனபோது, "உனக்கேன் உது, விடு" என்று ஆக்களுக்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

போன மாதம்தான் மகன் தன்னைச் சோதிக்கக் கொடுத்தான். விந்தில் உயிரணு இல்லையாம்.

"அம்மா, விந்து நீரில இருக்கிற புரதங்களையும் பார்த்தவை. உயிரணு உண்டாகுதாம், வாற வழிதான் அடைபட்டிருக்காம். சின்னனில அடிவயித்தில ஒப்பரேசன் செய்ததோ, அதில குழாய் அடைபட்டிருக்கலாம் எண்டு டொக்டர் கேக்கிறார்."

இரண்டு வயதில் குடலிறக்கத்துக்கு அவனுக்கு இரண்டு பக்கமும் வெட்டினது. சம்பந்தம் குழம்பும் என்று மறைத்தேன். தழும்பைக் கேட்டால், வயிற்று மாந்தத்துக்குச் சூடு போட்டது என்று அவனுக்கே சொல்லி வைத்தேன்.

அன்றைக்கு இரண்டு பேருக்கும் உண்மையைச் சொன்னேன்.

"முதலே சொல்லியிருக்கலாமே மாமி. எனக்கு இப்ப நாற்பத்திரண்டு" என்றாள் மருமகள்.

இப்போது ஆர் சம்பந்தம் பேசினாலும், பொடியனின் பழைய ஒப்பரேசனை ஒளிக்காதேங்கோ என்கிறேன். பிள்ளை இல்லையென்றால் அவனையும் சோதியுங்கோ என்கிறேன்.

பிள்ளை, எழுதினதை ஒருக்கால் வாசி. சத்தமாய் வாசி, உன் மாமி, என் மருமகள், குசினிக்குள் சமைத்துக்கொண்டு நிற்கிறா, அவவுக்கும் கேட்கட்டும். கோயிலில் நான் சொன்னதையும் விடாதை.