சுத்தம் என்று எழுதிய பம்பு

பம்பு அக்காவுக்கு மோப்பம் போய் ஆறு வருடமாகிறது. அழுகிய முட்டையை மூக்கருகே நீட்டினாலும், "என்ன, ஆம்லெட்டா?" என்பார்.

சிப் தொழிற்சாலை என்றதும் எல்லாருக்கும் தலை முதல் கால்வரை வெள்ளை உடை போட்டவர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். ஒரு தூசி விழுந்தால் அங்கே குடி முழுகிவிடும். சிலிக்கான் தகட்டைச் செதுக்கும் இயந்திரத்துக்குள் விஷ வாயுவை விடுவார்கள். மிச்சத்தைப் பம்பு உறிஞ்சி வெளியே தள்ளும். அது அடைத்துக்கொண்டால், பழுது பார்க்க எங்கள் பட்டறைக்கு வரும். அவர்கள் சுத்தத்துக்கு நாங்கள்தான் குப்பைத்தொட்டி.

அக்கா வேலைக்குச் சேர்ந்தபோது தகடு உள்ளங்கை அளவு, பம்புக்குள் எண்ணெய் ஓடியது. இப்போது தகடு சாப்பாட்டுத் தட்டு அளவு, பம்புக்கு எண்ணெயே கிடையாது. தகட்டில் செதுக்கும் கோடுகள் மெலிய மெலிய வாயுக்களும் மாறின. பம்போடு ஒரு தாள் வருவது மட்டும் மாறவில்லை. உள்ளே என்ன ஓடியது, கழுவியாயிற்றா என்று தொழிற்சாலை அதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதை நம்பித்தான் முகமூடியைத் தேர்ந்தெடுப்போம்.

அக்காவின் மூக்கைப் பறித்த பம்பின் தாளிலும் 'சுத்தம்' என்றுதான் இருந்தது. கையெழுத்து அவருடைய சொந்த அண்ணனுடையது. அந்தத் தொழிற்சாலையில் அண்ணன் பாதுகாப்பு அதிகாரி, ஊருக்குத்தான் உபதேசம். "கூடப் பிறந்தவன்டா, தெரியாமப் போட்டுட்டான்" என்று ஆறு வருடமாக அக்கா எங்களிடம் வாதாடிக்கொண்டிருந்தார்.

போன செவ்வாய்க்கிழமை வந்த தாளிலும் அதே கையெழுத்து. 'நைட்ரஜன் மட்டும். சுத்தம்.' நான் சாதாரண முகமூடியோடு மூடியைத் தளர்த்தினேன். குப்பென்று பூண்டு வாடை. ஆர்சின்! ஆர்செனிக் கலந்த விஷ வாயு, மூக்கில் ஏறினாலே ஆபத்து. மூடியை முறுக்கிவிட்டு, பக்கத்திலிருந்த அக்காவை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

மறுநாள் காலை அண்ணனை வரவழைத்தார் அக்கா. முந்தின நாள் நடந்ததை அவரிடம் சொல்லவில்லை. பம்பை இறுக மூடி, பிளாஸ்டிக் சுற்றி மேசைமேல் வைத்திருந்தோம். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்.

"அண்ணே, இது அடைச்சிருக்கு. சுத்தம்னு நீதானே எழுதியிருக்க, முகமூடி வேணாம்ல? வா, நீயே தொற."

அவர் வாசற்படியைத் தாண்டவில்லை. "கழுவுறதுக்காக மெஷின் ஒரு மணி நேரம் நின்னா என் தலைதான் உருளும் தங்கச்சி" என்றார். த்தூ! என்ன மனிதர்!

அக்கா திருப்புளியை எடுத்துப் பிளாஸ்டிக்கின் மேல் வைத்தார், அவ்வளவுதான். அண்ணன் சட்டென்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

பம்பு இன்னும் மூடித்தான் இருந்தது.

"அப்போ அன்னைக்கும் தெரிஞ்சேதான் போட்டிருக்க" என்றார் அக்கா.