தம்பியின் ஸ்கேனைப் படித்தவர்

ஜொகூர் பாருவில் என் தம்பியின் மூளை ஸ்கேனைப் படித்துச் சொன்ன டாக்டர் ஓர் ஒல்லியான தமிழ்ப் பெண்மணி. வாயில் எப்போதும் அசாம்பொய் கிடக்கும். பேசும்போது அந்த உப்புப் பழத்தின் கொட்டை கன்னத்துக்குக் கன்னம் மாறும். கண் மட்டும் திரையை விட்டு நகராது.

தம்பி பாசிர் கூடாங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். "கட்டிய எடுத்துட்டா வேலைக்குப் போலாமா டாக்டர்?" என்று கேட்டான்.

"வெள்ளையா இருக்கிறது கட்டி. அத எடுத்துடலாம். சுத்தி செவப்பா காட்டுது பாருங்க, அங்கெல்லாம் பரவியிருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. அது நீங்க பேசுறதுக்கு உள்ள எடம்லா, தொட முடியாது."

"அப்ப?"

"கொஞ்ச நாள்ல பேச்சு போயிடும்."

"இத மெதுவா சொல்லக்கூடாதா?" என்றேன் நான்.

"மெதுவா சொன்னா பரவாம நிக்குமா?"

கட்டியை எடுத்தார்கள். தீபாவளிக்கு முன்பே தம்பியின் பேச்சு நின்றுவிட்டது. மறுபடி கூட்டிப்போனபோது டாக்டர் அவன் பெயரைக் கேட்டார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அப்போதுதான் அவர் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் சரியாதான் காட்டியிருக்கு," என்றார்.

தம்பி தலையாட்டினான்.

அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். அன்று டாக்டரின் குரலில் இருந்தது திருப்தியா, துக்கமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.