சூடேற்றாத பாத்தி

நூறு கிராம் மண்ணில் 4.1 கிராம் கரிமம். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், மண் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் தராசு அக்கா எழுதிய எண் இது. காய்ந்த மண்ணைப் பீங்கான் கிண்ணத்தில் எடை பார்ப்பார்; உலையில் எரித்து மறுபடி எடை பார்ப்பார்; குறைந்த எடையிலிருந்து கரிமத்தைக் கணக்கிடுவார். இதுவரை ஒரு கணக்கும் திருத்தச் சொல்லித் திரும்பியதில்லை. பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

ஆய்வுக்கூடத்தின் பின்னால் இரண்டு பாத்திகள். ஒன்றின் அடியில் மின்கம்பி புதைத்து, நான்கு டிகிரி கூடுதலாகச் சூடேற்றுகிறார்கள். மற்றதைச் சும்மா விட்டிருக்கிறார்கள். மண் சூடானால் அதிலுள்ள நுண்ணுயிர்களுக்குப் பசி கூடும். மட்கியதைத் தின்று கரிமத்தைக் காற்றில் விடும். காற்று இன்னும் சூடாகும். எவ்வளவு வேகத்தில் என்பதுதான் ஆய்வு. அக்காவிடம் வரும் புட்டியில் வெறும் எண்தான் இருக்கும். எந்தப் பாத்தி என்று தெரிந்தால் கை ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று ஏற்பாடு.

இரண்டு பாத்திகளும், வேலிக்கு அந்தப் பக்கமுள்ள அக்காவின் தம்பி தன் வயலிலிருந்து பிரித்துக் கொடுத்த நிலம். அவருக்கு மூன்று ஆண்டாக விளைச்சல் சரிவு. மழை பெய்தாலும் ஈரம் நிற்பதில்லை. இனியும் விதைப்பதா, கிடங்கு வேலைக்குப் போவதா என்று அக்காவிடம் கேட்டு முடிவெடுக்கக் காத்திருந்தார்.

ஒரு காலை இயக்குநர் அறிக்கையோடு வந்தார். "வித்தியாசம் குறையுதும்மா! பத்து வருஷம் முன்னாடி ரெண்டு பாத்திக்கும் நடுவுல ஒரு கிராம். இப்ப வெறும் பாயிண்ட் நாலு. மண்ணு சூட்டுக்குப் பழகிடுச்சு."

அறிக்கையில் வித்தியாசத்தை மட்டும் எழுதுவதுதான் அங்கே வழக்கம். எந்தப் புட்டி எந்தப் பாத்தி என்ற பட்டியலை அக்கா கேட்டு வாங்கினார். சூடான பாத்தி 2.8. சும்மா இருந்தது 3.2.

"சார், சூடானது மேல ஏறல. சும்மா கெடந்ததுதான் எறங்கி வந்து அது பக்கத்துல உக்காந்திருக்கு."

"தராசு பிசகியிருக்கும்."

"பிசகியிருந்தா நல்லது சார்."

உண்மையாகவே அப்படித்தான் விரும்பினார். பாத்தியிலிருந்து முதல் ஆண்டு எடுத்த மண் மூடிய புட்டியில் அலமாரியில் இருந்தது. எடுத்து எரித்தார். 4.1. மூன்று முறை எரித்தார். மூன்று முறையும் 4.1; தராசு பிசகவில்லை.

மாலையில் தம்பி வாசலில் நின்றார். "என்னக்கா, மண்ணச் சுட்டுத் தின்னு முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு."

"தேறுமா?"

"எருவப் போட்டா கொஞ்சம் தாங்கும்."

"அதத்தான் மூணு வருஷமா கொட்டுறேன். நம்பரச் சொல்லு."

"மூணு புள்ளி ரெண்டு. முன்ன நாலு புள்ளி ஒன்னு."

"நான் உழுததுல ஏதும் தப்பா?"

"இல்லடா. உழாத பாத்தியே இப்படி. கம்பி போட்ட எடம்தான் சூடுன்னு நெனச்சிட்டு இருந்தோம்."

"அப்ப எனக்குக் கம்பியே இல்லாம ஓசிச் சூடு!" தம்பி சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. சற்று நேரத்தில் தம்பியும் நிறுத்திக்கொண்டார்.

"விதைக்கட்டுமா, வேணாமா?"

"வேணாம்."

மண் சூட்டுக்குப் பழகிவிட்டது என்ற முதல் வரியை மாற்றாமலே அறிக்கை அச்சுக்குப் போயிற்று. அக்கா இரண்டு பாத்தியின் எண்களையும் எழுதிக் கொடுத்த தாள் பின்னிணைப்பில். திங்கள் காலை ஆறு மணி ஷிப்டில் தம்பி கிடங்கில் சேர்கிறார்.