ஏழாம் கண்ணில் வைத்த பொட்டு

நடந்தது இவ்வளவுதான்:

1. பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் விளையாட்டில் எத்தனை கட்டைகள் விழுந்தன என்று எண்ணிச் சொல்லும் கருவி ஒன்றை நானும் என் தோழியும் செய்தோம்.
2. கோவையில் ஒரு விளையாட்டுக் கூடத்தில், பந்து உருட்டும் தடங்களில், அதாவது லேன்களில், ஒரே ஒன்றில், அதைச் சோதனைக்குப் பொருத்த இடம் கொடுத்தார்கள்.
3. பெருந்துறையில் புதிதாகக் கூடம் கட்டிக்கொண்டிருந்த ஒருவர், நேரில் பார்த்துப் பிடித்துவிட்டால் தன் எல்லா லேன்களுக்கும் எங்களிடமே வாங்குவதாகச் சொன்னார்.
4. பார்ப்பதற்கு அவர் குறித்த நாள் விஜயதசமி.
5. அதற்கு முந்தைய நாள் ஆயுத பூஜை.
6. முதல் பந்து எந்தக் கட்டையிலும் படவில்லை. திரையில் ‘1’ வந்தது.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே நடந்ததுதான் இதை எழுதக் காரணம்.

எங்கள் கருவியில் சிக்கலான எதுவும் இல்லை. லேனின் கடைசியில் முக்கோணமாக நிற்கும் பத்துக் கட்டைகளுக்கு நேர் மேலே ஒரு அலுமினியப் பட்டை. அதில் பொட்டுக்கடலை அளவில் பத்துக் கண்கள். ஒவ்வொரு கண்ணும் தன் கட்டையை மட்டும் பார்க்கும். கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் கீழே அனுப்பும். ஒளி திரும்பி வந்தால் கட்டை நிற்கிறது. வராவிட்டால் விழுந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் கருவிகள் கேமராவை வைத்து இதையே செய்கின்றன. பழுதானால் ஆள் வரக் காத்திருக்க வேண்டும். எங்களுடையது பழுதானால் போத்தனூரிலிருந்து நானே ஸ்கூட்டரில் போய்விடுவேன்.

போத்தனூரில் ஒரு மாடி அறைதான் எங்கள் பட்டறை. இருவரும் வேலையை விட்டுவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தோம். பெருந்துறை ஆர்டர் வந்தால் அறையைத் தொடர்ந்து வைத்துக்கொள்வது, வராவிட்டால் தோழி பழைய பம்ப் கம்பெனிக்கே திரும்பிவிடுவது என்று முன்பே பேசி முடித்திருந்தோம்.

விஜயதசமி காலையில் நானும் தோழியும் கூடத்துக்குள் நுழைந்தபோது முந்தைய நாள் பூஜையின் சாம்பிராணி வாசனை இன்னும் போகவில்லை. பந்து திரும்பி வரும் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, காபி மெசின், கல்லாப்பெட்டி, எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும் இருந்தன. புள்ளிகள் காட்டும் திரைக்குக் குறுக்கே செவ்வந்தி மாலை தொங்கியது. ஆயுத பூஜையன்று முழுக்க ஓய்வெடுத்த இயந்திரங்களை விஜயதசமி காலை நல்ல நேரத்தில் ஓட்டிப் பார்ப்பது இங்கே எந்தப் பட்டறையிலும் உள்ள வழக்கம். கூடத்தை நடத்தும் அக்கா பட்டுச்சேலையில் நின்றிருந்தார்.

“வா கண்ணு. அவரும் வந்துட்டாரு. மொதப் பந்து நான்தான் போடோணும்னு சொல்லிப்போட்டாரு.”

பெருந்துறைக்காரர் எழுந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். “அக்கா மாதிரி ஒரு லட்சுமி கையால ஆரம்பிச்சா எல்லாம் நல்லா வரும்ங்க அம்மணி.”

அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பந்தைத் தூக்கி, கண்ணை மூடிக் கும்பிட்டு உருட்டினார். பந்து பாதி தூரம் நேராகப் போய், யோசித்ததுபோல் மெதுவாகத் திரும்பி, ஓரப் பள்ளத்தில் விழுந்து ஓடி மறைந்தது. பத்துக் கட்டைகளும் நின்றன.

திரையில் ‘1’.

அக்கா கைதட்டினார். என் தோழி தட்டவில்லை. பெருந்துறைக்காரர் திரையையும் கட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏனுங்க, பந்து படவே இல்லியே. அப்புறம் எது உளுந்துச்சு?”

நான் போய்ச் செவ்வந்தி மாலையை ஓரமாக விலக்கினேன். திரையின் மூலையில் சிவப்பு எழுத்தில் இருந்தது: ‘கண் 7 மறைந்துள்ளது’. காலையில் மின்சாரம் கொடுத்ததுமே கருவி சொல்லியிருக்கிறது. பூ மறைத்துவிட்டது.

பின்பக்கமாகப் போய்ப் பட்டையை எட்டிப் பார்த்தேன். ஏழாவது கண்ணின் மேல் வட்டமாகச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். மற்ற ஒன்பதும் சுத்தமாக இருந்தன. ஓரத்தில் நாங்கள் ஒட்டியிருந்த ‘கண்களைத் தொடாதீர்கள்’ சீட்டும் அப்படியே இருந்தது.

“அக்கா, இதுல பொட்டு…”

“தொடவே இல்ல கண்ணு. எழுதி வெச்சிருந்ததைப் படிச்சேன். அதான் ஏணி போட்டு ஏறி, வெத்தலைக் காம்புல வெச்சேன். புது மெசின், அதை மட்டும் விடக்கூடாதில்ல?”

சட்டைப் பையில் லென்ஸ் துடைக்கும் துணி இருந்தது. எடுத்தேன். துடைத்தால் கருவி சரியாகிவிடும். அக்காவின் முகம் மாறியது. அதற்குள் பெருந்துறைக்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

“வேண்டாங்க அம்மணி. நல்ல நாளும் அதுவுமா சாமிக்கு வெச்ச பொட்டைத் தொடைக்காதீங்க.”

“இதைத் துடைக்காமல் காட்ட முடியாதுங்க. கண் மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். வேறு எந்தக் கோளாறும் இல்லை.”

“புரியுதுங்க. நானும் மில்லு ஓட்டறவன்தானே. சென்சார்ல தூசி உளுந்தா எங்க மெசினும் நின்னு போவும்.”

அவருக்கு உண்மையிலேயே புரிந்திருந்தது. அதுதான் என்னைத் திணறடித்தது. புரியாதவராக இருந்தால் படம் போட்டு விளக்கியிருப்பேன்.

அக்கா எங்களுக்காகப் பேசினார். “என்ர தப்புங்க இது. பாவம், புள்ளைங்க என்ன பண்ணுவாங்க?”

“யாரு மேலயும் தப்பில்லீங்க அக்கா,” என்றார் அவர்.

தப்பு இருந்தால் திருத்தலாம். தப்பே இல்லை என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒன்றை எங்கே போய்த் திருத்துவது? துணியை மடித்துப் பைக்குள் வைத்தேன். நால்வரும் எதிர் எதிரே உட்கார்ந்தோம். பூஜைப் பொரிகடலை வந்தது. தோழி மட்டும் தின்னவில்லை. பெருந்துறைக்காரர் தன் கட்டடத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார். கிளம்பும்போது, “வாரேனுங்க அம்மணி, சொல்லி அனுப்பறேன்” என்றார். சொல்லி அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று பொருள் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் அக்காவே ஏணி போட்டு ஏறிப் பொட்டைத் துடைத்தார். கருவி பிசகாமல் எண்ணியது. வீடியோ எடுத்துப் பெருந்துறைக்காரருக்கு அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. பிறகு நானே அழைத்தேன்.

“மெசின் அருமைங்க. அதுல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். ஆனா மொதக் கணக்கே பொய்யா வந்துபோச்சு பாருங்க. புதுசா ஒரு எடம் ஆரம்பிக்கறோம். மனசு ஒப்பலீங்க.”

வெளிச்சம், தூரம், கட்டையின் வழவழப்பு, இவற்றுக்கெல்லாம் சோதனை வைத்திருந்தோம். மனசு ஒப்பாததற்கு எங்களிடம் சோதனை இல்லை. “சரிங்க” என்று மட்டும் சொன்னேன்.

இப்போதைய நிலை: பெருந்துறையில் வெளிநாட்டுக் கருவியைப் பொருத்துகிறார்கள். தோழி பம்ப் கம்பெனிக்குத் திரும்பிவிட்டாள். மற்ற லேன்களுக்காகச் செய்த பட்டைகள் போத்தனூர் அறையில் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன; அறையை இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறேன். அக்காவின் கூடத்தில் அந்த ஒரு லேனில் கருவி சரியாக எண்ணிக்கொண்டிருக்கிறது.